சிவராஜ் அண்ட் டாட்டர்

மே 8

இந்த டைரி பேரிங் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. இதுவரை எந்தக் கம்பெனிக்கு எத்தனை பம்பு ஷாஃப்ட் அனுப்பினோம் என்பதைத் தவிர இதில் வேறெதுவும் எழுதியதில்லை. இன்று அதை எழுதப் போவதில்லை. என் மகள் மிருதுளாவின் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. பொறியியல் கட்ஆஃப் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூறு. எங்கள் கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருக்கிற எவன் வீட்டிலும் இந்த மார்க் இல்லை. விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பட்டறையில் எல்லா மெஷினையும் நிறுத்தச் சொல்லி, ஒவ்வொருவர் கையிலும் நானே ஜாங்கிரி வைத்தேன். ஃபோர்மேன் தங்கராசு இரண்டு கேட்டான், மூன்றாகக் கொடுத்தேன். பட்டறை தொடங்கிய நாளில் இருந்து என்னோடு இருப்பவன், மிருதுளாவைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றியவன். அவனுக்கு இல்லாத உரிமையா?

“பாப்பா என்ன படிக்கப் போகுதுங்ணா?” என்றான்.

“அது அவ இஷ்டம்” என்றேன்.

உண்மையாகவே அப்படித்தான். எனக்கு இதில் எந்த ஆசையும் கிடையாது. படிக்கப் போவது அவள்.

மே 11

மச்சினன் ஜெகநாதன் பெங்களூரில் இருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான்.

“மச்சான், நூத்தித் தொண்ணூறு வெச்சுட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்காம வேற எதையாச்சும் எடுத்தா சிரிப்பாங்க.”

“மாப்ள, உன்ற ஆபீஸ்ல போன மாசம் எத்தன பேர வீட்டுக்கு அனுப்புனாங்க?”

அவன் அதன்பிறகு சாம்பாரில் கவனம் செலுத்தினான். நான் மட்டும் பொதுவாகச் சில விஷயங்கள் சொன்னேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதே, அதற்குப் பின்னால் ஒரு பம்பு, அந்தப் பம்புக்குள் ஒரு ஷாஃப்ட், அதைக் கடைந்தவன் ஒரு மெக்கானிக்கல்காரன். மில்லாகட்டும், பஸ்ஸாகட்டும், ஆஸ்பத்திரிக் கட்டிலாகட்டும், எங்களைத் தாண்டி எதுவும் நகராது. என் கை ரேகைக்குள் இருக்கும் கறுப்பை எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் நான் மறைத்ததில்லை. கையைக் காட்டித்தான் வணக்கம் சொல்வேன்.

ஒரு மணி நேரம் ஆகிவிட்டது என்று என் மனைவி கலாமணி சொல்கிறாள். ஆசைப்பட்டுச் சொல்லவில்லை, பொது அறிவுக்காகச் சொன்னேன். மிருதுளா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டாள்.

மே 20

பட்டறையின் முன் அறையில் கிடந்த பழைய டூல் பெட்டிகளை அப்புறப்படுத்திவிட்டு, ஒரு மேசையும் சுழல் நாற்காலியும் வாங்கிப் போட்டேன். பில் போட வசதியாக இருக்கும். நாற்காலி என் உயரத்துக்குக் கொஞ்சம் தணிவு. பரவாயில்லை.

லீவு விட்டதில் இருந்து பட்டறை நம்பரின் வாட்ஸப்பை மிருதுளாவின் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பார்ட்டிகளுக்கு அவள்தான் பதில் அனுப்புகிறாள். இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது என்று பூனாக்காரர் போன் செய்து சொன்னார்.

ஜூன் 3

கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்தாயிற்று. சாதிச் சான்றிதழில் என் இனிஷியலை மாற்றிப் போட்டிருந்தார்கள். தாலுகா ஆபீசில் ஒரு நாள் போனது.

ஜூன் 14

நல்ல மழை. பட்டறைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

இரண்டு வருடம் முன்பு வரை ஐப்பசி மழைக்கு லேத்தின் கால் நனையும். நான் வாசலில் மணல் மூட்டை அடுக்கிப் பார்த்தேன், படியை உயர்த்திப் பார்த்தேன். மிருதுளா அப்போது பதினொன்றாவது சேர்ந்த புதிது. போனில் மேப்பை வைத்துக்கொண்டு நாலு தெரு நடந்தாள். ஒவ்வொரு முக்கிலும் நின்று மேடு பள்ளம் குறித்துக்கொண்டு வந்து, “தண்ணி வாசல் வழியா வர்லீங்கப்பா, பின்னாடி வருது. அந்தக் காலத்துல அங்க ஒரு வாய்க்கா போயிருக்குது” என்றாள். அவள் காட்டிய இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர் கட்டினேன். அவ்வளவுதான், நின்றுவிட்டது.

சுவர் பூச்சு என் கையால் செய்தது. இன்னும் ஒரு விரிசல் இல்லை. பக்கத்துப் பட்டறைக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஜூன் 21

இங்கே உள்ளூரிலேயே ஒரு நல்ல கல்லூரி, சுற்றிப் பார்க்க விட்டார்கள். மெக்கானிக்கல் லேபில் இருக்கும் லேத் என்னிடம் இருப்பதைவிடப் பழையது. அதை அங்கே இருந்த வாத்தியாரிடம் சொல்லியும்விட்டேன். மிருதுளா “நல்லா இருக்குதுங்கப்பா” என்றாள்.

பிறகு சிவில் பக்கம் நில அளவைக் கருவிகள் வைத்த அறைக்குள் போனாள். போனவள் வெளியே வரவில்லை. அங்கே ஒரு பேராசிரியை அம்மா. முக்காலியில் நிற்கும் கருவியில் கண்ணை வைத்து இவள் ஏதோ கேட்க, அவர் பதில் சொல்ல, இவள் திரும்ப ஒன்று கேட்க, பேச்சு நீண்டுகொண்டே போனது. சென்னையில் இதற்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது, அரசுக் கல்லூரி, ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ் என்று பெயர், செயற்கைக்கோள் படத்தையும் நில அளவையையும் கம்ப்யூட்டரில் சேர்த்து எங்கே மேடு, எங்கே பள்ளம், வெள்ளம் எப்படிப் போகும், ரோடு எங்கே போடலாம் என்று கண்டுபிடிக்கிற படிப்பு என்று அந்த அம்மா சொன்னார். எனக்குப் பசி. மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் வந்தாள்.

வரும் வழியில் பஸ்ஸில் வாயே மூடவில்லை. மெக்கானிக்கல் லேபைப் பார்த்த உற்சாகம்.

ஜூலை 2

ரேங்க் பட்டியல் வந்துவிட்டது. அவள் ரேங்குக்கு இங்கே மெக்கானிக்கல் கண்டிப்பாகக் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். கேட்டு வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

பட்டறைப் போர்டில் பெயின்ட் உதிர்ந்துவிட்டது. எப்படியும் புதுசு போட வேண்டும். இந்த ஊரில் எங்கே திரும்பினாலும் ‘அண்ட் சன்ஸ்’, ‘அண்ட் பிரதர்ஸ்’. நான் ‘சிவராஜ் அண்ட் டாட்டர், பிரிசிஷன் ஒர்க்ஸ்’ என்று எழுதச் சொல்லிவிட்டேன். போர்டு கடைக்காரர் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் டாட்டர் என்றேன். மாதிரிப் படத்தைப் பட்டறை நம்பருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. கவுன்சலிங் முடிந்த அன்று மாட்டிவிட்டு அழைத்துப் போய்க் காட்ட வேண்டும்.

ஜூலை 5

பட்டறை நம்பர் அவள் போனில் இருப்பதை மறந்து தொலைத்துவிட்டேன். மாதிரிப் படம் அவளுக்கே போயிருக்கிறது. காட்டினாள்.

“எழுத்து நல்லா இருக்குதுங்கப்பா.”

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது. சாப்பிடும்போதும் அப்படியே இருந்தாள். எனக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.

ஜூலை 15

எங்கள் சுற்றுக்குக் கல்லூரியும் பாடப்பிரிவும் வரிசைப்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று நாள் அவகாசம். அதற்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஓடிபி என் போனுக்கு வருவதால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதலில் உள்ளூர் மெக்கானிக்கல். இரண்டாவது இன்னொரு கல்லூரி மெக்கானிக்கல். சென்னை ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ் ஆறாவதோ ஏழாவதோ.

நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கலாமணியைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு எழுதுகிறேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளாகவே போட்டாள். ரத்தம் பேசுகிறது.

தங்கராசுவுக்குப் போன் செய்து சொன்னேன். ஜெகநாதனுக்கும் செய்தேன். எனக்குத் தூக்கமே வராது போலிருக்கிறது.

ஜூலை 16

காலையில் பட்டறைக்குக் கிளம்பும்போது கலாமணி டிபன் கேரியரைக் கையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டே நின்றாள்.

“ஏனுங்க, அந்தப் போர்ட எழுதறதுக்கு முன்னாடி அவகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“சந்தோஷப்பட்டாளே.”

“சந்தோஷமா? காலேஜ் பாத்துட்டு வந்த நாள்ல இருந்து அந்த மெட்ராஸ் படிப்பப் பத்தித்தான் எங்கிட்டப் பேச்சு. லிஸ்டு எழுதி வெச்சிருந்தா, அதுல அதுதான் மொதல்ல. போர்டு படம் வந்த அன்னிக்கு மாத்திட்டா. ‘அப்பாகிட்டச் சொல்லாதீங்கம்மா, பாவம், ஆசையா எழுதியிருக்காரு’ங்கறா.”

கேரியரை வாங்காமலே வந்துவிட்டேன். மதியம் சாப்பிடவில்லை. கலாமணி மேல் கோபம், இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்கு. மிருதுளா மேல் கோபம், அப்பாவைப் பாவம் என்று சொன்னதற்கு. நான் என்ன பாவம்? பன்னிரண்டு லட்சம் ஷாஃப்ட் கடைந்து கொடுத்திருக்கிறேன். ராத்திரி பசித்தது, சாப்பிட்டேன்.

ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன். பையன் இல்லையே என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஊருக்கு அதைக் காட்டத்தான் போர்டில் டாட்டர் என்று போட்டேன். பையன் இருந்திருந்தால் அவனைக் கேட்காமல் பட்டறையை அவன் தலையில் கட்டியிருப்பேன். இவளுக்கும் அதையேதான் செய்திருக்கிறேன், கூடக் கொஞ்சம் பெயின்ட் அடித்து.

ஜூலை 17

இன்றுதான் கடைசி நாள்.

காலையில் காபி குடிக்கும்போது, “உனக்குப் பிடிச்சத மொதல்ல போடு அம்மிணி. போர்ட நெனைக்காத” என்றேன்.

“எனக்கு மெக்கானிக்கல்தானுங்கப்பா பிடிச்சிருக்குது.”

“மெட்ராஸ் படிப்பு?”

“அது சும்மா, பாத்தேன்.”

கண்ணைப் பார்த்துச் சொல்கிறாள், இமைகூட அசையவில்லை. என்னைப் போலவே பிடிவாதம். மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டேன், மூன்று தடவையும் அதே பதில். அப்பாவுக்காக என்று ஒரு முடிவு எடுத்துவிட்டாள், இனி நல்ல வார்த்தை சொல்லி அவளை அசைக்க முடியாது.

மதியம் கேரியர் கொண்டு வந்தாள். கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷின் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே சத்தம் அதிகம், யாருக்கும் கேட்காது.

“மெக்கானிக்கல் வேண்டாம் அம்மிணி.”

“ஏனுங்கப்பா?”

“இதுல என்ன இருக்குது? எண்ணெயும் இரும்புத் தூளும். நாலு பேரு கூடற எடத்துக்குப் போனா கைய மறைச்சுக்கிட்டு நிக்கறேன். மருவாதி கெடையாது, முதுகுவலிதான் மிச்சம். வெளிய சொல்லல, ரெண்டு வருசத்துல மெஷினெல்லாம் வித்துட்டு இந்த எடத்தக் குடோனுக்கு வாடகைக்கு விட்டுடலாம்னு இருக்கறேன். நீ மெக்கானிக்கல் படிச்சுட்டு வந்தா நிக்கறதுக்குப் பட்டறை இருக்காது.”

“அப்பறம் போர்டு?”

“புத்தி கெட்டுப் போய் எழுதச் சொன்னேன். வேண்டாம்னு சொல்லியாச்சு.”

என் வாயில் இருந்து வந்த பேச்சா அது. சொல்லச் சொல்லக் காது சுட்டது. போர்டை நிறுத்தச் சொன்னது மட்டும்தான் உண்மை. இந்த மெஷின் வந்த அன்று பூசணிக்காய் உடைத்து, தெருவில் போகிறவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டியவன் நான்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “சரிங்கப்பா” என்று மட்டும் சொன்னாள். போனை எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போய் அந்தத் தணிவான நாற்காலியில் உட்கார்ந்து மாற்றினாள். எனக்கு ஓடிபி வந்தது. சொன்னேன். சென்னை முதலில் ஏறிவிட்டது.

திரும்பினால் மெஷினுக்கு அந்தப் பக்கம் தங்கராசு நிற்கிறான். குனிந்து மெஷின் சூடாகாமல் இருக்கக் கூலன்ட் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறான். அத்தனையும் கேட்டிருக்கிறான்.

ஜூலை 18

தங்கராசு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் என் முன்னால் கையைக் கட்டி நின்று நான் பார்த்ததே இல்லை.

“மெஷினக் குடுக்கறதா இருந்தா மொதல்லயே சொல்லிப்போடுங்ணா. நானும் வேற எடம் பாத்துக்கோணுமல்லோ. பசங்களுக்கு நான் சொல்லல.”

என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் மிருதுளா காதுக்குப் போய்விடும். நல்லவன், ஆனால் அவன் வாயில் எதுவும் தங்காது, அதுவும் பாப்பா விஷயத்தில். லிஸ்டு பூட்டியாயிற்றுதான். ஆனால் தெரிந்தால் இவள் சும்மா இருப்பாளா? சென்னை சீட்டை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இங்கே ஏதோ ஒரு காலேஜில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் மெக்கானிக்கல் சேர்ந்து நிற்பாள். அவ்வளவு திமிர் பிடித்தவள்.

“கொஞ்ச நாள் பொறு தங்கராசு” என்றேன்.

“சரிங்ணா” என்று போய்விட்டான்.

ஜூலை 21

தங்கராசு என்னிடம் அளவு மட்டும்தான் பேசுகிறான். “பதினெட்டு புள்ளி ரெண்டுங்ணா.” “ஓகேங்ணா.” டீ வந்தால் தெருவில் போய் நின்று குடிக்கிறான்.

பூனா ஆர்டர் போயிற்று. ரிஜெக்ட் ஒன்றுகூட இல்லை. சொல்லிச் சந்தோஷப்பட ஆள் இல்லை.

ஜூலை 22

எதிர்ப் பட்டறைக்காரன் தங்கராசுவிடம் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவனுக்கு ரொம்ப நாளாகத் தங்கராசு மேல் கண். நான் உள்ளே போய் ஒரு டூல் பிட்டைச் சாணை பிடித்தேன். பிடித்ததையே திரும்பப் பிடித்தேன்.

அவன் போய்விட்டால் எனக்கு ஒரு கை போன மாதிரி. அதற்காக மகளைத் திரும்பக் கூப்பிட முடியுமா? வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று கலாமணியைக் கேட்டால் தெரியும்.

ஜூலை 24

தற்காலிக ஒதுக்கீடு வந்தது. சென்னை, ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ். சரி என்று உறுதி கொடுத்தாள். கலாமணி வடை சுட்டாள். இறுதி ஆணை வரும்வரை நான் மூச்சுவிடப் போவதில்லை.

ஜெகநாதன் போன் செய்து, “அது என்ன மச்சான், போன் கம்பெனிப் படிப்பா?” என்று கேட்டான். முப்பது நிமிடம் விளக்கினேன். ஊரில் வெள்ளம் வந்தால் எந்தத் தெருவை முதலில் காலி செய்ய வேண்டும் என்று சொல்லப்போவது இவள் மாதிரி ஆட்கள்தான், நீ உன் ஆபீசில் உட்கார்ந்திருக்க முடிவது அந்த பில்டிங் ஏரிக்குள் இல்லாததால்தான் என்றேன். ஒரு வேளை ஏரிக்குள்தான் இருக்கிறதோ என்னவோ, போனை வைத்துவிட்டான்.

ஜூலை 29

இறுதி ஆணை வந்துவிட்டது. பதினோரு மணிக்கு.

பதினொன்றே காலுக்கு நான் தங்கராசு முன்னால் நின்றேன். லேத்தை நானே நிறுத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். போர்டைப் பார்த்து அவள் மாற்றியது, நான் நல்லபடி கேட்டும் அவள் மசியாதது, வேறு வழியில்லாமல் தொழிலைத் திட்டியது. அவன் கையில் இருந்த வேஸ்ட் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். முகமெல்லாம் கறுப்பு.

“எனக்கு மட்டும் கண்ணக் காட்டியிருக்கலாமல்லோ. பன்னெண்டு நாளா சோறு எறங்கலீங்ணா.”

“உன்ற வாய்க்குப் பயந்துதான்.”

அதற்கு அவன் கோபப்படவில்லை. எதிர்ப் பட்டறைக்காரனுக்கு வரமாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டானாம். அதை இவ்வளவு நாள் என்னிடம் சொல்லவில்லை. அவனும் லேசுப்பட்டவன் இல்லை.

மதியம் மிருதுளா மைசூர்பாக்கு டப்பாவோடு வந்தாள். முதலில் தங்கராசுவிடம்தான் நீட்டினாள். நான் எதிர்பார்த்தது போலவே அவன் ஒரு துண்டை வாயில் போட்டு மெல்லும் நேரம்கூடத் தாங்கவில்லை.

“பாப்பா, அன்னிக்கு உங்கப்பா சொன்னது அத்தனையும் பொய். மெஷின விக்கறதும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன்னைய மெட்ராசுக்கு அனுப்பறதுக்காகச் சொன்னது.”

“தெரியுமுங்க மாமா.”

“எப்பத் தெரியும்?” என்று நான் கேட்டேன்.

“நீங்க சொல்லும்போதேதானுங்கப்பா.”

“அப்பறம் எதுக்கு மாத்துன?”

டப்பாவை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“இந்தத் தொழிலப் பத்தி ஒரு கொறை சொல்லி நான் உங்க வாயில கேட்டதே இல்லீங்கப்பா. அதையே திட்டறீங்கன்னா, நான் போகோணும்னு உங்களுக்கு எத்தன ஆசை இருக்கோணும். அதுக்கப்பறமும் இங்கயே இருக்கேன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?”

தங்கராசு என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அவன் வேஸ்ட் துணியை வாங்கி நானும் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அழுதேன் என்று தங்கராசு நாளைக்கு ஊரெல்லாம் சொல்வான். சொல்லட்டும்.

இவ்வளவு மூளையுள்ள பெண்ணைப் பெற்றவன் இந்த ஊரில் வேறு எவன் இருக்கிறான்?

ஆகஸ்ட் 17

சென்னை ரயிலில் கூட்டிப்போய் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தோம். பக்கத்துக் கட்டில் பெண்ணின் அப்பா, மகளுக்கு வேறு பிரிவு கிடைக்காததால் இதை எடுத்ததாகச் சொன்னார். எங்கள் வீட்டில் இதுதான் முதல் சாய்ஸ் என்று சொன்னேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் போலிருந்தது, அதனால் இரண்டாவது முறையும் சொன்னேன். ரயிலில் எதிரில் இருந்தவர்களுக்கும் சொன்னேன், அவர்கள் கேட்கவில்லை என்றாலும்.

இன்று காலை பட்டறையில் டீ குடிக்கும்போது தங்கராசு கேட்டான்.

“பாப்பா படிச்சு முடிச்சு வேற வேலைக்குப் போயிருமல்லோ. உங்களுக்கு அப்பறம் பட்டறைய யாருங்ணா பாக்கறது?”

“எனக்கு அப்பறமா? எனக்கு என்னடா ஆச்சு இப்ப” என்று சொல்லிவிட்டு லேத்தைப் போட்டேன்.